இளையோரின் மீள்திறனை ஆய்வது எப்படி: தென்னாப்பிரிக்கக் கல்வி உளவியல் காட்டும் வழி

மீள்திறன், அதாவது துன்பத்தை மீறி நன்றாக வாழ்வது, பற்றி ஆய்வேடு எழுத வரும் மாணவர்கள் பலர் முதல் வாரமே ஒரு வினாத்தாளைத் தேடத் தொடங்குகிறார்கள். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் முளைக்கின்றன. ஒரு பிள்ளையின் மீள்திறனுக்கு எண் போடுவதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். அந்தப் பிள்ளைக்கு என்ன துன்பம் நேர்ந்திருக்கிறது? அவளைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள், என்னென்ன கிடைக்கிறது? அவள் ஊரில் ‘நன்றாக இருக்கிறாள்’ என்று எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்? இந்த மூன்றும் இல்லாமல் கிடைக்கும் எண், பிள்ளையின் மேல் ஒட்டிய சீட்டாக மட்டுமே மிஞ்சும். கல்வி உளவியலில் இப்போதுதான் காலெடுத்து வைக்கும் ஆய்வாளர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதற்குத் தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மீள்திறனைப் பிள்ளைக்குள் மட்டும் தேடாமல் குடும்பத்திலும் பள்ளியிலும் ஊரிலும் தேடும் முறை அங்கே பல்லாண்டுகளாகச் செய்து பார்க்கப்பட்டிருக்கிறது.

இந்தத் துறையின் பழைய சான்று ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் இருக்கிறது. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயது வரை தொடர்ந்தார்கள். வறுமை, பிறப்புச் சிக்கல், குடும்பச் சச்சரவு எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், மொத்தம் 72 பேர், தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள இளைஞர்களாக வளர்ந்திருந்தார்கள். மின்னசோட்டாவில் நார்மன் கார்மெசியும் பின்னர் ஆன் மாஸ்டனும் இத்தனை சுமையிலும் சிலர் எப்படி நன்றாக வளர்கிறார்கள் என்ற கேள்வியை நகரப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஆராய்ந்தார்கள். அரிய வீரகுணம் எதுவும் இதற்குத் தேவையில்லை, மனித வாழ்வின் சாதாரண ஏற்பாடுகள் சரியாக இயங்கினாலே போதும் என்பது 2001இல் மாஸ்டன் வந்தடைந்த முடிவு. கனடாவின் மைக்கேல் உங்கர் அதை இன்னும் ஒரு படி நகர்த்தினார். பிள்ளை தனக்கு வேண்டியதைத் தேடிப் போவது ஒரு பாதி. அது கிடைக்கிற இடத்திலும், அவளுடைய பண்பாட்டுக்குப் பொருந்துகிற விதத்திலும் இருப்பது மறு பாதி.

தென்னாப்பிரிக்கக் கல்வி உளவியலாளர் லிண்டா தெரோன் இந்த மறு பாதியைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே வால் முக்கோணம் எனப்படும் தொழிற்பகுதியில் உள்ள நார்த்-வெஸ்ட் பல்கலைக்கழக வளாகத்திலும், பின்னர் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் கல்வி உளவியல் துறையிலும் பணியாற்றினார். எச்.ஐ.வி. பரவலால் நொறுங்கிப்போன பள்ளிகளின் ஆசிரியர்களுக்கான ஆதரவுத் திட்டம், அநாதைப் பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்கக் கதைகளைச் சொல்லும் திட்டம், ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் தாபோ மொஃபுட்சன்யானா மாவட்ட இளையோர் ஆய்வு, நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுக்கும் செக்குண்டா ஆலைக்கு அருகே எம்பலென்ஷ்லே, லியாண்ட்ரா பகுதிகளில் உங்கரோடு சேர்ந்து நடத்திய ஆய்வு என்று அவருடைய பணிகள் நீள்கின்றன. ஆட்களும் ஊர்களும் மாறினாலும் கேள்வி மாறவில்லை. கல்விப் பணியில் புதிதாக நுழைபவர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஆண்டுக்கொரு தலைப்புக்குத் தாவாமல், ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு வட்டத்தை அகலப்படுத்திக்கொண்டே போகலாம்.

தகுதி பற்றிச் சுருக்கமாக

தென்னாப்பிரிக்காவில் ‘கல்வி உளவியலாளர்’ என்பது சட்டப்படி பதிவு பெற வேண்டிய பெயர். உளவியலை முக்கியப் பாடமாகக் கொண்ட இளங்கலை, அடுத்து ஓராண்டு ஆனர்ஸ், பிறகு தேர்வு வைத்துச் சேர்க்கும் முதுகலை, 12 மாதப் பயிற்சிப் பணி, கடைசியாகச் சுகாதாரத் தொழிலர் மன்றத்தின் வாரியத் தேர்வு என்று பாதை போகிறது. முனைவர் பட்டம் வேறு தடம். பதிவு இல்லாமலும் அதை வாங்கலாம். ஆனால் பதிவு இல்லாதவர் உளவியல் சோதனைகளைத் தானாக நடத்தக் கூடாது. மனச்சோர்வை அளக்கும் கருவியைப் பயன்படுத்த நினைத்தால், பதிவு பெற்ற ஒருவரின் பெயரை மேற்பார்வையாளராக முன்மொழிவிலேயே சேர்த்துவிடுங்கள். இது விட்டுப்போனால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு கோப்பைத் திருப்பி அனுப்பும், ஒரு பருவம் வீணாகும்.

துன்பத்தையும் நலத்தையும் தனித்தனியே எழுதுங்கள்

மீள்திறன் என்ற சொல்லைப் பயன்படுத்த இரண்டு நிபந்தனைகள் உண்டு. குறிப்பிடத்தக்க துன்பம் இருக்க வேண்டும். அதை மீறி எதிர்பார்த்ததைவிட நன்றாக வாழ்வதும் தெரிய வேண்டும். முதலாவது இல்லாமல் இரண்டாவது மட்டும் இருந்தால் அது வெறும் திறமை. ஆய்வு முன்மொழிவில் இரண்டு பத்திகள் தனியாக எழுதுங்கள்: ‘இங்கே துன்பம் எனப்படுவது’, ‘இங்கே நன்றாக இருத்தல் எனப்படுவது’. இரண்டிலும் பெரிய சொற்களைத் தவிர்த்துவிட்டு, அளக்கக்கூடியதை எழுதுங்கள். ‘வறுமை’ என்று நிறுத்தாதீர்கள். கட்டணமில்லாப் பள்ளியில் படிக்கிறாரா, வீட்டில் யாருக்காவது சம்பளம் இருக்கிறதா, கடந்த மாதத்தில் எத்தனை நாள் பசியோடு தூங்கினார் என்று கேளுங்கள். தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் வறுமை அடிப்படையில் ஐந்து படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் மூன்று படிகளில் கட்டணம் கிடையாது. ஒரே படியில் உள்ள பள்ளிகளிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தால் வறுமையின் வேறுபாடு தரவில் தெரியாது. வேறுபாடு இல்லாத ஒன்றை எந்தப் புள்ளியியலாலும் விளக்க முடியாது.

‘நன்றாக இருத்தல்’ பகுதியில் ஒரே ஒரு விளைவை வைப்பது அபாயம். சுனியா லூதர் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதை அழுத்தமாகக் காட்டியது. கடும் நெருக்கடியிலும் பள்ளியில் நன்றாகச் செயல்பட்ட பதின்வயதினர், அதே அளவு செயல்பட்டும் நெருக்கடி குறைவாக இருந்த சகமாணவர்களைவிட மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகக் கொண்டிருந்தார்கள். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அவர்கள் வெற்றியாளர்கள். பள்ளியில் ஈடுபாடு, மனநிலை, மற்றவர்களோடு உறவு என்று குறைந்தது இரண்டு மூன்று விளைவுகளை வையுங்கள். அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அந்த முரணை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள். அதுதான் பெரும்பாலும் ஆய்வின் சிறந்த பகுதியாக அமையும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பள்ளியை விட்டு நின்று வேலைக்குப் போகும் பையன், தெருக்கும்பலோடு சேர்ந்து பாதுகாப்புத் தேடும் பையன், இவர்கள் நம் அளவுகோலில் தோற்றவர்கள். உங்கர் இதை மறைந்திருக்கும் மீள்திறன் என்கிறார். வேறு எந்தக் கதவும் திறக்காத இடத்தில் கிடைத்த கதவின் வழியே அவன் போயிருக்கிறான். ‘ஏன் போனாய்’ என்று கேட்டால் மழுப்பல்தான் கிடைக்கும். ‘அங்கே உனக்கு என்ன கிடைத்தது’ என்று கேட்டால் உண்மையான தகவல் வரும்.

உள்ளூர்க் குழு

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே ஊர்க்காரர்கள் ஐந்து முதல் எட்டுப் பேரைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமையுங்கள். ஓர் ஆசிரியர், ஒரு சமூகப் பணியாளர், மதத் தலைவர் அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவர், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பாட்டி, இளையோர் இருவர் இருக்கட்டும். இளையோர் ஒருவர் மட்டும் இருந்தால் பெரியவர்கள் முன்னால் வாய் திறக்க மாட்டார்; இருவராவது வேண்டும். அவர்களை மட்டும் தனியாக ஒரு முறை சந்திப்பதும் நல்லது.

குழுவிடம் முதல் கூட்டத்தில் கேட்க வேண்டியது ஒன்றே: ‘இந்த ஊரில் கஷ்டப்பட்டு வளர்ந்தும் நன்றாக இருக்கும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ தாபோ மொஃபுட்சன்யானா போன்ற செசொத்தோ பேசும் பகுதிகளில் வரும் பதில்களில் மதிப்பெண்ணுக்கு இணையாகப் பெரியவரை மதிப்பது, வீட்டுக்குத் தன் கடமையைச் செய்வது, தெய்வ நம்பிக்கை, படித்து முடித்துக் குடும்பத்தைத் தூக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் ஆகியவை வரும். தனி மனித முன்னேற்றத்தை மட்டும் அளக்கும் வினாத்தாளில் இவற்றுக்கு இடமே இருக்காது. குழுக் கூட்டத்துக்கு வருபவர்களுக்குப் பயணச் செலவும் சாப்பாடும் கொடுப்பதற்கு நிதித் திட்டத்தில் தனித் தொகை ஒதுக்குங்கள். அந்தத் தொகை இல்லாவிட்டால் இரண்டாவது கூட்டத்துக்கு ஆசிரியர் மட்டும்தான் வருவார்.

அனுமதியும் ஒப்புதலும்

வரிசை முக்கியம். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, மாகாணக் கல்வித் துறை, மாவட்ட அலுவலகம், தலைமையாசிரியர், பள்ளி நிர்வாகக் குழு, பாதுகாவலர், கடைசியாகப் பிள்ளை. தென்னாப்பிரிக்கக் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது, நான்கு பருவங்கள். நான்காம் பருவம் தேர்வுக்கு உரியது. அப்போது எந்தப் பள்ளியும் வகுப்பறையைத் தராது. களப்பணியை இரண்டாம், மூன்றாம் பருவங்களில் வைத்து, பின்னோக்கி எண்ணி விண்ணப்பிக்க வேண்டும்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். அதோடு பிள்ளையின் இசைவும் தனியாக வேண்டும். இங்கே மாட்டிக்கொள்வது பாதுகாவலர் யார் என்ற கேள்வியில். தாய் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை செய்கிறாள், பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது, பாட்டிக்குச் சட்டப்படியான பொறுப்பு இல்லை. சில வீடுகளில் மூத்த பிள்ளையே குடும்பத் தலைவர். 2005ஆம் ஆண்டின் சிறார் சட்டம் இத்தகைய வீடுகளை அங்கீகரிக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளை ‘ஒப்புதல் கிடைக்கவில்லை’ என்று ஒதுக்கினால், எந்தப் பிள்ளைகளுக்காக ஆய்வு தொடங்கினோமோ அவர்களே தரவில் இருக்க மாட்டார்கள். பராமரிப்பவர் கையெழுத்திடும் சூழல் எது, பிள்ளை தானே ஒரு நம்பகமான பெரியவரைக் காட்டும் சூழல் எது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதி, நெறிமுறைக் குழுவின் முடிவை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

ஒப்புதல் படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் வீட்டில் பேசும் மொழியில் இருக்கட்டும். படிக்கத் தெரியாத பாட்டிக்கு வாசித்துக் காட்ட ஒரு கள உதவியாளர் வீட்டுக்கே போக வேண்டும். பிள்ளை கையில் கொடுத்தனுப்பிய படிவங்களில் பல பையிலேயே கசங்கிக் கிடக்கும். வந்து சேர்பவை பெரும்பாலும் அக்கறையுள்ள வீடுகளிலிருந்தே வரும். அப்போதே மாதிரி சாய்ந்துவிடுகிறது.

துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் என்ன செய்வீர்கள் என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். சிறார் சட்டத்தின் 110ஆம் பிரிவு, ஆசிரியர், உளவியலாளர், சமூகப் பணியாளர் முதலானோர் நியாயமான சந்தேகம் இருந்தாலே புகார் செய்ய வேண்டும் என்கிறது. ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ‘உனக்கோ வேறு பிள்ளைக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவக்கூடியவரிடம் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் பேசுவேன்’ என்று சொல்லுங்கள். சிறாருக்கான தொலைபேசி உதவிச் சேவையான சைல்ட்லைனின் இலவச எண் 116ஐ ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரிச் சீட்டில் கொடுங்கள். துன்பப்பட்டதாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தால் வகுப்பே அவர்களைத் திரும்பிப் பார்க்கும்.

வினாத்தாள்

இப்போதுதான் வினாத்தாள். இந்தத் துறையில் பரவலாகப் பயன்படுவது குழந்தை மற்றும் இளையோர் மீள்திறன் அளவுகோல். 11 நாடுகளில் 14 சமூகங்களைச் சேர்ந்த இளையோரோடு பேசி உருவான இதன் முதல் வடிவத்தில் 28 கூற்றுகள் இருந்தன. 2019இல் வந்த திருத்திய வடிவத்தில் 17 கூற்றுகள்: தன் திறன் மற்றும் சூழலோடு உள்ள பிணைப்பு பற்றி 10, பராமரிப்பவரோடு உள்ள உறவு பற்றி 7. ஐந்து புள்ளி வடிவில் ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 5 வரை. ஆகவே மொத்தம் 17க்கும் 85க்கும் நடுவில் இருக்கும்.

மொத்தத்தை மட்டும் எழுதாதீர்கள். ஒருவர் முதல் பகுதியில் 42, இரண்டாவதில் 18 வாங்குகிறார். இன்னொருவர் இரண்டிலும் முப்பது முப்பது. இருவருக்கும் மொத்தம் 60. முதலாமவருக்கு வெளியே நண்பர்களும் பள்ளியும் இருக்கிறார்கள், வீட்டில் ஆளில்லை. இரண்டாமவருக்கு வீடு பரவாயில்லை, வெளியே ஒன்றும் இல்லை. தேவைப்படும் உதவி முற்றிலும் வேறு. ‘குறைவு, நடுத்தரம், உயர்வு’ என்ற எல்லைக்கோடுகளை வேறு நாட்டு மாதிரியிலிருந்து எடுத்து உங்கள் பிள்ளைகளுக்குப் போடவும் கூடாது. அந்தக் கோடுகள் அந்த மாதிரியில் யார் எங்கே நின்றார்கள் என்பதை மட்டுமே சொல்கின்றன.

மொழிபெயர்ப்பில் நேரம் செலவிடத் தயங்காதீர்கள். இருவர் தனித்தனியே செசொத்தோவிலோ இசிசூலுவிலோ மொழிபெயர்த்து, பிறகு உட்கார்ந்து ஒன்றாக்கட்டும். ஆங்கில மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதட்டும். விலகும் இடங்களைக் குழுவோடு பேசித் தீருங்கள். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த படிதான் உண்மையில் பலன் தருகிறது. உங்கள் மாதிரியின் வயதில் உள்ள எட்டுப் பத்துப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு கூற்றையும் வாசித்து, ‘இதைக் கேட்டதும் யாரை, எதை நினைத்தாய்? உன் சொல்லில் திருப்பிச் சொல்’ என்று கேளுங்கள். பராமரிப்பவர் பற்றிய கூற்றுகளில் ஒரு பிள்ளை பாட்டியையும், இன்னொன்று தொலைவில் இருக்கும் தாயையும், மூன்றாவது இறந்துபோன தந்தையையும் நினைக்கும். அதனால் அந்தப் பகுதி தொடங்கும் முன் ‘இப்போது உன்னை அதிகமாகப் பார்த்துக்கொள்பவர் யாரோ அவரை மனதில் வைத்துக்கொள்’ என்ற வரியை வாசித்து, அவர் என்ன உறவு என்று எழுதவும் ஒரு கட்டம் கொடுங்கள்.

உள்ளூர்க் குழு சொன்னவற்றிலிருந்து ஐந்து முதல் பத்துக் கூற்றுகளைத் தனிப் பகுதியாகச் சேர்க்கலாம். அவற்றை 17இன் கூட்டுத்தொகையில் கலக்கக் கூடாது. கலந்தால் வேறெந்த ஆய்வோடும் ஒப்பிட முடியாது.

வகுப்பறையில் நடத்தும்போது ஒரு கள உதவியாளருக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஓர் இருக்கை விட்டு ஓர் இருக்கையில் உட்காரவைத்து, கூற்றுகளை உரக்க வாசியுங்கள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை அப்போது தனியாகத் தெரியாது. வகுப்பாசிரியர் அறையில் இருக்கக் கூடாது. ‘என் ஆசிரியர் என்னை மதிக்கிறார்’ என்பது போன்ற கேள்விக்கு அவர் முன்னிலையில் ஒரே பதில்தான் வரும். சாப்பாட்டை முடிந்த பிறகு கொடுக்காமல் தொடங்கும் முன் கொடுங்கள். பசித்த பிள்ளை பத்தாவது கூற்றுக்கு மேல் ஒரே எண்ணை வரிசையாகச் சுழித்துக்கொண்டே போகும். பாதியில் எழுந்து போகிறவருக்கும் அதே சாப்பாடு, அதே சிறு அன்பளிப்பு.

பெக் மனச்சோர்வு அளவையின் 21 கூற்றுகளையும் சேர்த்திருந்தால் ஒரு கண்டிப்பான விதி: ஒன்பதாவது கூற்று தற்கொலை எண்ணம் பற்றியது. பள்ளி வாசலைத் தாண்டும் முன் ஒவ்வொரு தாளிலும் அந்த ஒரு கூற்றைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் குறித்த பிள்ளையிடம் அன்றே தனியாகப் பேச, முன்பே பேசிவைத்த உளவியலாளரோ சமூகப் பணியாளரோ பள்ளியில் இருக்க வேண்டும். தாள்களை மூட்டை கட்டி எடுத்துப்போய் மூன்று வாரம் கழித்துத் தரவு உள்ளிடும்போது அதைக் கண்டுபிடிப்பது மன்னிக்க முடியாத அலட்சியம்.

எத்தனை பேர்

எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்குக் கூற்று ஒன்றுக்குப் பத்துப் பேர் என்று கணக்கிடுவது வழக்கம். 17 கூற்றுகளுக்கு 170. 200க்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஓராண்டு கழித்து அவர்களையே மீண்டும் பார்க்கப்போகிறீர்கள், கால்வாசிப் பேர் கைநழுவலாம் என்றால் தொடக்கத்தில் 267 பேர் வேண்டும். இரண்டு சுற்றுகள் மாற்றத்தை மட்டுமே காட்டும். வளர்ச்சிப் பாதை வரைய மூன்று சுற்றாவது தேவை. கைநழுவுபவர்கள் பெரும்பாலும் ஊர் மாறியவர்கள், பள்ளியை விட்டவர்கள், கருவுற்ற பெண்கள். ஆய்வுக்கு மிக முக்கியமானவர்களும் அவர்களே. அதனால் முதல் நாளிலேயே மூன்று தொடர்பு எண்களை வாங்குங்கள்: சொந்த எண், பராமரிப்பவர் எண், ஊரை விட்டுப் போகாத உறவினர் ஒருவரின் எண். நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஒரு சிறு செய்தி அனுப்பினால் எண் மாறியது உடனே தெரியும்.

வரைந்து எழுதும் முறை

எண்களால் எட்ட முடியாத இடத்துக்கு ஓவியம் போகிறது. தென்னாப்பிரிக்க ஆய்வுகளில் இது நன்றாக வேரூன்றிய முறை. செய்வதற்கு எளிது என்று தோன்றும். கெடுப்பதும் அதே அளவு எளிது.

ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழு. ஆளுக்கு இரண்டு ஏ4 தாள், 2பி பென்சில், பன்னிரண்டு நிறக் கிரேயான் பெட்டி. நிறங்களைப் பங்குபோடச் சொன்னால் படங்களும் ஒன்றுபோல ஆகிவிடும். ஆளுக்கொரு பெட்டி கொடுங்கள். கேள்வியை அவர்கள் மொழியில் ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள்: ‘வாழ்க்கை கஷ்டமாக இருந்தபோதும் நீ நன்றாக இருக்க எது உனக்கு உதவியதோ அதை வரை. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை.’ உதாரணம் காட்டவே கூடாது. கரும்பலகையில் ஒரு வீட்டை வரைந்து காட்டினால் எட்டுப் பேரும் வீடு வரைவார்கள். வரைய 25 நிமிடம், படத்தைப் பற்றி ஐந்தாறு வரி எழுத 15 நிமிடம், பிறகு தனித்தனியே பேச்சு.

அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று: எல்லாப் படத்திலும் பள்ளிக்கூடமும் தேவாலயமும். வகுப்பறையில் வைத்து, ஆசிரியர் போல உடுத்திய ஒருவர் கேட்டால் பிள்ளைகள் எதிர்பார்க்கப்படும் விடையை வரைகிறார்கள். இடத்தை மாற்றுங்கள், சமூகக்கூடம், நூலகம், மரத்தடி எதுவானாலும் சரி. இடம் மாற்ற முடியாவிட்டால் பேச்சில் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்: ‘இது உனக்கு என்ன செய்தது? கடைசியாக எப்போது செய்தது?’, ‘இது உதவாமல் போன சமயம் உண்டா?’ தேவாலயம் உண்மையாகவே தாங்கிய பிள்ளை முதல் கேள்விக்கே ஒரு பெயரும் ஒரு நாளும் சொல்லிவிடும்.

படத்துக்கு நீங்கள் பொருள் சொல்லாதீர்கள். கறுப்பு நிறம் சோகம், கையில்லாத உருவம் இயலாமை என்று வாசிப்பது இந்த முறைக்கு நேர் எதிரானது. அந்தக் கிரேயான் மட்டும் உடையாமல் இருந்திருக்கலாம். பொருள் சொல்ல வேண்டியவர் வரைந்தவர். மூலப் படம் யாரிடம் இருக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு, அவர் வைத்துக்கொள்ள விரும்பினால் ஸ்கேன் எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். வீட்டு எண், பள்ளிச் சின்னம், பெயர் எழுதிய சட்டை ஆகியவற்றை நகலில் மறைத்துவிடுங்கள். கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வது, 2020இல் நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தோடு உங்களை மோதவைக்கும்.

எழுத்துத் தயக்கம் உள்ளவர்களுக்கு விரா ரூஸ் உருவாக்கிய ம்மோகோ முறை பொருந்தும். களிமண், மணிகள், புற்குச்சிகள் கொடுத்து ஒரு காட்சியை உருவாக்கச் சொல்லி, பிறகு எல்லோரும் சேர்ந்து பேசுகிறார்கள். நேரம் அதிகம் பிடிக்கும். ஒரு குழுவுக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

பகுப்பாய்வில் ஒரே ஓர் எச்சரிக்கை

கார்மெசி, மாஸ்டன், டெல்லெகன் மூவரும் 1984இலேயே ஆதரவு உதவும் விதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஆதரவு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு உதவினால் அது ஈடுகட்டும் காரணி. துன்பம் அதிகமுள்ளவர்களுக்கு அதிகமாக உதவினால்தான் அது காக்கும் காரணி. இரண்டாவதைச் சொல்ல, துன்பத்தையும் ஆதரவையும் பெருக்கிய ஊடாட்டப் பதத்தைச் சமன்பாட்டில் சேர்க்க வேண்டும். அதற்கு முன் இரண்டையும் அவற்றின் சராசரியிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதத்தைச் சோதிக்காமலே ‘ஆசிரியர் ஆதரவு காக்கிறது’ என்று எழுதும் ஆய்வேடுகள் ஏராளம். சிறு மாதிரியில் ஊடாட்டம் தெரியாமல் போகலாம். தெரியவில்லை என்பதால் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பள்ளிக்குத் திருப்பிக் கொடுப்பது

ஆய்வு முடிந்ததும் ‘மீள்திறன் வகுப்பு’ நடத்துங்கள் என்று பள்ளி கேட்கும். ஆறு வாரம் பிள்ளைகளைக் கூப்பிட்டு, மனதைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொல்லும் பயிற்சி. இதற்குச் சம்மதிக்கும் முன் யோசியுங்கள். பசியும் வன்முறையும் அப்படியே இருக்க, தாங்கும் பொறுப்பை மட்டும் பிள்ளையின் தோளில் ஏற்றுவது அநியாயம். தெரோனின் ஆய்வுகளில் ஆசிரியர்களைப் பற்றி இளையோர் திரும்பத் திரும்பச் சொன்னவை அன்றாடச் செயல்கள்: கேட்டார், கவனித்தார், என்னால் முடியும் என்று நம்பினார், உதவி கிடைக்கும் இடத்துக்கு வழிகாட்டினார். இவற்றைப் பள்ளி ஏற்பாடாக மாற்றலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் தெரிந்த ஒரு பெரியவர் பள்ளியில் இருக்கிறாரா என்று பார்க்க, ஆசிரியர் அறையில் மாணவர் பட்டியலை ஒட்டி, தனக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒவ்வோர் ஆசிரியரும் புள்ளி வைக்கட்டும். புள்ளியே இல்லாத பெயர்கள் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பட்டியலை மாணவர் கண்ணில் படாமல் அன்றே கிழித்துவிட்டு, அந்தப் பெயர்களை ஆசிரியர்கள் பங்கிட்டுக்கொள்ளட்டும். ஒருவருக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது. ஆசிரியரும் அதே ஊரின் சுமையைச் சுமப்பவர்தான். பள்ளி உணவுத் திட்டத்தில் திங்கட்கிழமை அளவைக் கூட்ட முடியுமா, மாலையில் பாதுகாப்பாகப் படிக்க ஓர் அறையைத் திறந்துவைக்க முடியுமா, சமூகப் பணியாளர் மாதம் ஒரு நாள் வர முடியுமா என்பதெல்லாம் பயிற்சி வகுப்பைவிடப் பயனுள்ள பேச்சுகள்.

முடிவுகளை ஆங்கிலக் கட்டுரையாக மட்டும் விடாமல், ஊர் மொழியில் ஒரு பக்கமாக எழுதி, பங்கேற்ற இளையோரிடம் முதலில் காட்டுங்கள். ‘இது தவறு’ என்று அவர்கள் சொல்வதைத் திருத்திய பிறகே கட்டுரையை இதழுக்கு அனுப்புங்கள். தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அங்கீகாரம் பெற்ற இதழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கைப்படி அரசு மானியம் வருகிறது. அதனால் ஒரே தரவைத் துண்டுபோட்டுப் பல கட்டுரையாக்கும் அழுத்தம் இளம் ஆய்வாளர் மேல் விழும். களத்துக்குப் போகும் முன்பே எந்தக் கேள்விக்கு எந்தக் கட்டுரை, யார் முதல் ஆசிரியர், கள உதவியாளர் எவ்வளவு பங்களித்தால் ஆசிரியர் பெயரில் சேர்வார் என்று ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்திடுங்கள்.

தொடர்பு எண்கள் உள்ள பட்டியலை வினாத்தாள் தரவிலிருந்து வேறு கணினியில், கடவுச்சொல்லோடு வையுங்கள். கடைசிச் சுற்று முடிந்து, முடிவுகளைப் பங்கேற்றவர்களிடம் சேர்த்த பிறகு அந்தப் பட்டியலை அழித்துவிட்டு, அழித்த தேதியை நெறிமுறைக் குழுவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.